இருபத்தேழாம் படி

ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விடும் என்பது ஆவுடையம்மாளுக்குத் தெரியும். நேற்றைய பேப்பரின் மூன்றாம் பக்கத்தில், கண் சிகிச்சை முகாம் அறிவிப்புக்குக் கீழே, மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று போட்டு, தெருக்களின் பெயர்களையும் வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவள்தான் மடித்து வைத்தாள். வேறு எதற்கும் இல்லை, அடுப்பு மேடையில் விரிக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது ஒன்பதுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு சுற்று முடித்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு லிப்டைப் பார்த்துத் திரும்பிய பிறவிப்பெருமாளிடம், "இன்னும் ஒரு சுத்து நடந்துருவமா, வெயில் இன்னும் ஏறல" என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. அந்த இனிப்பைக் கேட்டுப் பயந்துபோய் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் சரி என்றார். இப்போதெல்லாம் சரி என்கிறார். போன தை மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்ததிலிருந்து எதைச் சொன்னாலும் சரி என்கிறார். நாற்பத்தெட்டு வருஷத்துச் சரியையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, பல் விழுந்த பிறகு செலவழிக்கிறார். மூன்றாவது சுற்றில் குப்பைத் தொட்டி பக்கம் போகும்போது எல்லா வீட்டுக் காற்றாடிகளும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டன. தண்ணீர் மோட்டார் இரைச்சல் பட்டென்று அறுந்தது. எங்கோ ஒரு மிக்ஸி பாதிக் கரகரப்பில் நின்றது. ஆவுடையம்மாள் முகத்தை அசைக்கவில்லை.

"கரண்டு போயிட்டுல்லா" என்றார் அவர், லிப்டின் இருட்டுக் கதவைப் பார்த்தபடி.

"ஆமா, போயிட்டு."

வாட்ச்மேன் சூசை ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தான். "ஜெனரேட்டர் ரிப்பேர்ம்மா, சாயந்தரம்தான் வரும். ஐயாவ இங்கன என் சேர்ல இருக்கச் சொல்லுங்க. இல்லன்னா இன்னொரு ஆளக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கிருவோம். மூணு மாடிதான, என்ன இப்ப?"

"வேண்டாம் சூசை. படி ஏறணும்னு சொல்லியிருக்காங்க. ஏறுனாத்தான் காலு வசப்படும்."

அது முழுப் பொய் இல்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வரும் பெண் படி ஏறச் சொல்லியிருந்தாள். ஆனால் அவள் சொன்னது எட்டுப் படி. எட்டு ஏறி எட்டு இறங்கணும், ஆள் பக்கத்தில் இல்லாமல் விட்டுவிடாதீர்கள் பாட்டி, இன்னொரு தடவை விழுந்தால் தகடு தாங்காது என்று சொல்லியிருந்தாள். மூன்று மாடிக்கு ஐம்பத்துநாலு படி. ஒரு மாடிக்குப் பதினெட்டு, நடுவில் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது. அவளுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் தெரியும். லிப்ட் இருக்கும் வீட்டில் பதினெட்டு வருஷமாகப் படியில்தான் ஏறி இறங்குகிறாள், அதைக் கவனித்த மனுஷர் யாரும் கிடையாது. பிறவிப்பெருமாள் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, இல்லை வழக்கமான அதிகாரம்தான் கண்ணாடி வழியாக மங்கித் தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "ஏறுங்க" என்றாள். வலது கையைத் தோளில் வாங்கிக்கொண்டாள்.

கை கனத்தது. எலும்புதான் இருக்கிறது, ஆனாலும் என்ன கனம், ஆளின் திமிர் எல்லாம் கையில்தான் இறங்கியிருக்கும் போல. நல்ல காலைத்தான் முதலில் வைக்க வேண்டும், அப்புறம் கம்பு, அப்புறம் மற்றக் கால். ஒன்று, இரண்டு. இவுகளுக்கு எப்பேர்ப்பட்ட நடை இருந்தது. சர்வேயர் நடை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கரிசல் காட்டையெல்லாம் அளந்த கால். ஒரு எட்டுக்கு அவளுக்கு மூன்று எட்டு. கல்யாணமான மறுநாள் கோயிலுக்குப் போகும்போதே பத்தடி முன்னால் போய்விட்டார், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். அதற்குப் பிறகு எந்தத் தெருவிலும் அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதான். வெள்ளைச் சட்டை, வலது தோளில் மடித்த துண்டு, பிடரியில் ஒரு மச்சம். ஆளை அடையாளம் காட்டச் சொன்னால் முகத்தை விட அந்த மச்சத்துக்குத்தான் அவள் சாட்சிக் கையெழுத்துப் போடுவாள். நாலு, ஐந்து. ரிட்டையரான அன்றைக்கு வாங்கிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், பத்தொன்பது வருஷம். தண்ணீர் கொண்டா. பேப்பர் எடு. ஃபேனைக் கூட்டி வை. அந்த ஃபேன் ஸ்விட்சு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மகள் வடிவு வேலைக்குப் போன புதிதில் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் துவைக்கிற மிஷின் வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோது, கையும் காலும் நல்லா இருக்குற பொம்பள வீட்ல இருக்கும்போது மிஷின் எதுக்கு என்றார். வேலைக்காரி எதுக்கு, மாவுக்கு கிரைண்டர் எதுக்கு, மார்க்கெட்டுக்கு ஆட்டோ எதுக்கு. ஏழு, எட்டு. பையன் ஒருத்தன் இருந்திருந்தால், என்று மனசு அந்தப் பக்கம் திரும்பியது. அவள் அதைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் விட்டாள். இப்போது வேண்டாம். ஒன்பது. திருப்பம். "மூச்சு வாங்கிக்கிடுங்க." அவருடைய மார்பு சட்டைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மார்பு ஏறி இறங்குவதே தெரியவில்லை.

அந்த எலும்பு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை, மிட்டாயைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வது மாதிரி அடக்கி வைத்திருக்கிறாள். அவருக்குத் தையல் பிரிக்கப் போன அன்று, அம்மாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று வடிவு ஓசூரிலிருந்து போனில் பிடிவாதம் பிடித்தாள். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், அறுபத்தொன்பது வயசா உங்களுக்கு, ஐம்பது வயசு எலும்பு மாதிரில்லா இருக்கு, என்ன எக்சர்சைஸ் பண்ணுதீங்க என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு இவர் பதில் சொன்னார்: "அவ எங்க எக்சர்சைஸ் பண்ணுதா? வீட்ல சும்மாதான் இருக்கா." டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். ஆவுடையம்மாளும் சிரித்தாள். சும்மா. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டு வந்து அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து வெண்டைக்காயோடு சேர்த்துப் பொடிப்பொடியாக நறுக்கினாள். குத்தவைத்து உட்கார்ந்து தரையைத் துடைத்த சும்மா. இரண்டு வாளித் துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போட்ட சும்மா. மோட்டார் கெட்ட நாளில் கீழேயிருந்து குடம் குடமாக ஏற்றிய சும்மா. மார்க்கெட்டிலிருந்து பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்த சும்மா. நீங்கதான் எனக்கு எக்சர்சைஸ் மாஸ்டர் என்று ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பத்து, பதினொன்று. அடுத்த அடியை அவரே எடுத்து வைத்தார், அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார், விரல் எலும்பு காறையெலும்பில் பதிந்தது.

ஆனால் டாக்டருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. ஐம்பது வயசுக்கு மேல் அவள் வெறுமனே வேலை செய்யவில்லை. வேலைக்குள் ஒளித்து வைத்து வேறொன்றைச் செய்தாள். ரசம் நுரை கூடும் வரை ஒற்றைக் காலில் நிற்பாள், ஒரு நாள் இந்தக் கால் என்றால் மறுநாள் அந்தக் கால். தரையில் உட்கார்ந்து எழும்போது கையை ஊன்றக் கூடாது என்று விரதம் வைத்திருந்தாள். துணிக்கொடியை வேண்டுமென்றே ஒரு சாண் உயரமாகக் கட்டச் சொல்லி, குதிகாலைத் தூக்கி எம்பி எம்பிப் போட்டாள். கறிவேப்பிலை மறந்துவிட்டது என்று ஒருமுறை, கொத்தமல்லி மறந்துவிட்டது என்று ஒருமுறை, மூன்று மாடியும் இறங்கி ஏறினாள். மறதி கூடிப்போச்சு கெழவிக்கு என்று நாற்காலியிலிருந்து சத்தம் வரும். எதுவும் மறக்கவில்லை. ஒரு கிழவி குனிந்து நிமிர்ந்தால் அதை வேலை என்றுதான் உலகம் பார்க்கும், அது எவ்வளவு வசதி. கீழே ஷூ போட்டுக் கையை வீசி நடக்கிற மனுஷர்களை எல்லோரும் பார்ப்பார்கள், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. எதற்காக இதெல்லாம் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: இவுகளுக்கு முன்னால நான் படுக்கக் கூடாது. ஒரு நாள் இவுக எழும்ப மாட்டாம கெடப்பாக, அன்னைக்கு நான் நேரா நிக்கணும். நின்று? நின்று என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசித்தது கிடையாது. யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் செருப்பில் முள் குத்தின மாதிரி நின்றுவிடும். திட்டும்போதுகூட மனசுக்குள் அவுக, இவுக என்றுதான் வருகிறது. மரியாதை எலும்பில் ஊறிவிட்டது, எந்தப் படத்திலும் அது தெரியாது.

பதினெட்டு. முதல் மாடி. அங்கே உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம் என்று சொல்லி ஏற்றினாள். பத்தொன்பது. இருபது. வியர்வை வாசம். அவர் பூசும் தைலத்தின் வாசம். கைப்பிடிக் கம்பியில் துரு, உள்ளங்கையில் காவி. இருபத்தைந்தில் அவர் கால் நடுங்கத் தொடங்கியது. இருபத்தேழில், இரண்டாவது திருப்பத்தில், அவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"நில்லுட்டி. கொஞ்சம் நில்லு."

மேலே இருபத்தேழு, கீழே இருபத்தேழு. சரி நடு. அவள் மெதுவாக அவருடைய கையைத் தோளிலிருந்து எடுத்துக் கைப்பிடிக் கம்பியில் வைத்தாள்.

"நான் போயிக் கதவத் திறந்து வைக்கேன். நீங்க மெதுவா வாங்க."

"ஏட்டி, சாவிய ஏங்கிட்ட..." என்று அவர் ஏதோ தொடங்கினார். அது வாக்கியமாக ஆவதற்குள் அவள் ஏறத் தொடங்கியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு தடவைக்கு ஒரு படி, அப்புறம் மாடித் திருப்பத்தில் யாரும் பார்க்காததால் இரண்டிரண்டு படியாக. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவது இவ்வளவு லேசா? பிடரி குறுகுறுத்தது. இப்போது அவர் தன் முதுகைப் பார்க்கிறார், தன்னுடைய கொண்டையை, ரவிக்கைக்கு மேலே வியர்த்திருக்கும் கழுத்தை. பாருங்க. நல்லா பாத்துக்கிடுங்க.

வீட்டைத் திறந்து, கதவை ஒரு விரற்கடை திறந்தபடி விட்டுவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு ஆளுக்கான பால்தான் ஊற்றினாள். பால் பொங்குகிற சத்தத்துக்கு அடியில் படிக்கட்டு கேட்டது. மின்சாரம் இல்லாத வீட்டில்தான் எத்தனை காது இருக்கிறது. குழாய் சொட்டுவது, பல்லியின் ஓட்டம், கீழே தெருவில் கீரைக்காரி, எல்லாம் தனித்தனியாக. கம்பு தரையில் ஒரு முறை தட்டியது. அப்புறம் இல்லை. காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு போய், நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. துணி அவர் உடம்பின் வடிவத்துக்குக் குழிந்திருந்தது, அந்தக் குழிக்குள் அவள் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் சாய்ந்தாள். காபி நாக்கைச் சுட்டது. இதுதானா, இதற்குத்தானா ஒற்றைக் காலில் நின்றது. இருக்கட்டும். நிற்கட்டும். நடுப்படியில் நின்றால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும். கீழே இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. பாத்திமுத்து டீச்சரின் குரல். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷமாகியும் வகுப்புக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"என்ன ஐயா தனியா நிக்கிறீங்க? அம்மா எங்க? கை குடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. வீட்ல இப்ப வந்துருவா."

கதவு சாத்திக்கொண்டது. வந்துருவா. என்ன ஒரு நிச்சயம். சூரியன் வரும், பஸ் வரும், வீட்ல வந்துருவா. பயந்து கூப்பிட்டிருந்தாலாவது, அழுதிருந்தாலாவது, ஏ ஆவுடை என்று பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது, மனசு இளகியிருக்கலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏட்டி, இந்தா, எங்க போயித் தொலஞ்ச. தேடவே வேண்டியதில்லாத ஒரு பொருளாக அவரிடத்தில் இருந்தாள். வர மாட்டேன். இன்றைக்கு வர மாட்டேன். அப்படி நினைத்த மாத்திரத்தில், இவ்வளவு நேரம் பிடித்து நிறுத்தி வைத்திருந்த அந்த இடத்துக்கு மனசு தானாகவே போய் நின்றது.

மணியாச்சி. எண்பத்தொன்று, ஆவணி. தூத்துக்குடியில் அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மணியாச்சியில் இறங்கி நெல்லைக்கு வண்டி மாற வேண்டும். எதிர்ப் பிளாட்பாரத்தில் வண்டி நிற்கிறது, நடுவில் பாலம். அவர் கையில் குடை. அவள் இடுப்பில் மூன்று வயசு வடிவு, வலது கையில் சேலைகள் அடைத்த டிரங்குப் பெட்டி, வயிற்றில் ஏழு மாசம். அவர் பாலத்தில் ஏறி, தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை, துண்டு, மச்சம். இறங்குகிற படியின் தலையில் நின்று அவள் கூப்பிட்டாள். என்னங்க. பெட்டிய ஒரு கை பிடிங்க. இன்னொரு தடவை, என்னங்க. அப்போது என்ஜின் ஊதியது. நீளமாக, காதைப் பிளக்கிற மாதிரி. முதல் தடவை கூப்பிட்டபோது ஊதியதா, இரண்டாம் தடவை கூப்பிட்டபோதா? இதைத்தான் அவள் நாற்பத்துமூன்று வருஷமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். முதலிலேயே ஊதியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது. கூப்பிட்டு முடித்த பிறகு ஊதியிருந்தால். சேலை முன்கொசுவம் பெருவிரலில் சிக்கியது. ஆறு படியோ ஏழு படியோ. வடிவை விடவில்லை, விழும்போது குழந்தையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் படிக்குக் கொடுத்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் வந்தார். ஆனால் வண்டியில் ஏறி, சன்னலோரம் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அப்புறம்தான் வந்தார், தோளில் துண்டு இல்லை, அதை அவள் படுத்த வாக்கில் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பிள்ளை வெளியே வந்தது, ஆண், தலை நிறைய முடி, அழவில்லை. வராந்தாவில் தன் அம்மாவிடம் அவர் சொன்னது வார்டுக்குள் கேட்டது. பாத்து நடக்கத் தெரியல இவளுக்கு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப்பற்றிப் பேச்சு இல்லை. அந்த ஊதல் சத்தம்தான் இவரை இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது. விஷம் வைக்கலாம் என்று தோன்றிய நாளில், விட்டுவிட்டுப் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போன நாளில், அது ஊதும். ஒருவேளை கேட்டிருக்காது. பாவம், கேட்டிருக்காது.

தட் என்று ஒரு சத்தம். கம்பு. கை நழுவி விழுந்து, படிபடியாக உருண்டு, ஒவ்வொரு படியிலும் ஒருமுறை சொல்லிக்கொண்டு, கீழே எங்கோ போய் நின்றது. ஆவுடையம்மாள் எழுந்துவிட்டிருந்தாள். தம்ளர் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாளில் கை. ஆள் விழுந்த சத்தம் இல்லை, அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், கம்பு விழுந்தால் இப்படிச் சத்தம் போடும், ஆள் விழுந்தால் ஒரே சத்தம்தான். ஆனாலும் அடுத்து அதுதான். கம்பு இல்லை, பிடிக்க ஆள் இல்லை, தகடு தாங்காது. போலீஸ் வருமா? வடிவு முகத்தில் எப்படி முழிப்பது? நான் கதவத் திறக்கத்தான் போனேன் வடிவு, உங்கப்பா மெதுவா வாரேன்னாக. பாத்து நடக்கத் தெரியலம்மா அப்பாவுக்கு. அந்த வாக்கியம் எவ்வளவு தயாராக நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. போ, இறங்கு, இருபத்தேழு படி உனக்கு என்ன, பத்து மூச்சு. கால் போகத் தயாராக இருந்தது. தொடையில் தசை இறுகி நின்றது, குதிகால் தூக்கியிருந்தது, அவ்வளவு நல்ல கால். ஆனால் தாழ்ப்பாளைப் பிடித்த கை விடவில்லை. கூப்பிடட்டும். ஒரு தடவை கூப்பிடட்டும், போகிறேன். அவர் கூப்பிடவில்லை. அவள் காதைக் கதவிடுக்கில் வைத்தாள். துணி உரசுகிற சத்தம். ஏதோ இழுபடுகிற சத்தம். நிறுத்தம். மூச்சு. மறுபடி உரசல். முதலில் என்னவென்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். முதுகை மேலே காட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் பின்னால் உள்ள படியில் ஊன்றி, பிட்டத்தைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறார். அவள் எண்ணினாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். ஏழு. நீண்ட நிறுத்தம். எட்டு. பதினாலில் இருமல். பத்தொன்பதில் ஒரு முனகல். உள்ளே சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் அவள் அந்தக் கதவோடு ஒட்டி நின்றாள், ஒரு காலை மாற்றி வைக்காமல்.

கதவு அவள் நெற்றியில் மெல்ல இடித்தது. திறந்தாள். வாசற்படியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டியின் பின்புறம் முழுக்கப் புழுதி, முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. பிடரியில் அந்த மச்சம், வெள்ளை முடிக்குள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து, நடுங்கி நடுங்கி, அவராகவே எழுந்து நின்று திரும்பினார். அவள் கை நீட்டவில்லை. அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. அழுகை இருக்கும் என்று நினைத்தாள், அதுவும் இல்லை. அந்த முகம் மினுங்கிக்கொண்டிருந்தது. காட்டை அளந்துவிட்டு வந்து படத்தை விரிக்கும்போது முப்பது வயசில் அப்படி மினுங்கும்.

"இருவத்தேழு" என்றார், மூச்சுக்கு நடுவே. "ஒருத்தர் கையும் பிடிக்கல. பாத்தியா?"

நடுவில் விட்டுவிட்டு வந்ததைக்கூட அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதையும் தனக்கு ஒரு நன்மையாக மாற்றிக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் பயிற்சிப் பெண் ஐந்து மாசமாகச் செய்ய முடியாததை இவள் ஒரு காலையில் செய்து கொடுத்திருக்கிறாள். கிழவன் இனிமேல் நடப்பான். இன்னும் பத்து வருஷம் இருப்பான்.

"மணியாச்சில நான் கூப்பிட்டேன்" என்றாள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, உப்பு போதுமா என்று கேட்கிற குரல்.

"என்ன?"

"பாலத்து மேல நின்னு. வடிவு இடுப்புல. ரெண்டு தடவ கூப்பிட்டேன், பெட்டியப் பிடிங்கன்னு. இஞ்சின் ஊதிச்சு. உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலயா?"

சிரிப்பு அவர் முகத்திலிருந்து உடனே போகவில்லை, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாகப் போனது. கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்குச் சட்டை நுனியைத் தேடினார், சட்டை முழுக்கப் புழுதி. கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்த்தார், அவரால் அவளைச் சரியாகப் பார்க்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"கேட்டுச்சு" என்றார்.

"பெறகு?"

"இடம் போயிருமேன்னு..." என்றார். அப்புறம், "கூட்டமா இருந்துச்சுல்லா வண்டி" என்றார்.

ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள். ரொம்ப நாள் தேடிய சாவி எதிர்வீட்டில்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னால் ஆட்டுவது மாதிரி ஆட்டினாள். உள்ளே எதுவும் கொதிக்கவில்லை. இத்தனை காலம் காதுக்குள் ஊதிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த நிசப்தத்தில் தன் இதயம் அடிப்பதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள், நிதானமாக, மூன்று மாடி ஏறினாலும் இறங்கினாலும் அதே நிதானமாக. அவர் வாசலில் நின்றுகொண்டு இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். தண்ணீர், என்றார் கடைசியில். "பானைல இருக்கு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் கதவு நிலையை விட்டுச் சுவரைப் பிடித்து, சுவரை விட்டு மேசையைப் பிடித்து, உள்ளே போவதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பானை வரைக்கும் போய்விடுவார். முழங்கைக்கு மருந்து அலமாரியில் இருக்கிறது, அதுவும் கைக்கு எட்டும்.

இறங்கும்போது எண்ணவில்லை. கம்பு முதல் மாடியில், சுவரோரமாகக் கிடந்தது. குனிந்து எடுத்தாள். ரப்பர் அடிப்பாகம் தேய்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, மாற்ற வேண்டும் என்று வடிவு போன வாரமே சொன்னாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். மேலே திரும்பவில்லை, கீழேதான் இறங்கினாள். சூசை எழுந்து நின்றான்.

"ஐயா ஏறிட்டாகளாம்மா?"

"ஏறிட்டாக."

"நீங்க பிடிச்சுக்கிட்டீகளாக்கும்."

"இல்ல. அவுகளாத்தான் ஏறுனாக." கம்பை அவனிடம் நீட்டினாள். "இத வச்சுக்கோ சூசை. சாயந்தரம் கரண்டு வந்த பெறகு லிப்டுல போயிக் குடுத்தாப் போதும்."

அவன் கம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுவரைக்கும் ஐயா?"

"வீட்டுக்குள்ளதான இருக்காக. சோறு இருக்கு, குழம்பு இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும். ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க எங்கம்மா போறீக? கேட்டா என்ன சொல்லட்டும்?"

அவள் யோசித்தாள். மார்க்கெட் என்று சொல்லலாம், கையில் பை இல்லை. கோயில் என்று சொல்லலாம், இன்றைக்கு என்ன விசேஷம் என்பான்.

"நடக்கப் போயிருக்கான்னு சொல்லு."

கேட்டைத் தாண்டினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது, தார்ச்சாலை செருப்பு வழியாகச் சுட்டது. தெரு முனையில் இடதுபக்கம் போனால் மார்க்கெட், நேரே போனால் பஸ் ஸ்டாண்டு, வலதுபக்கம் வாய்க்கால் கரை. வாய்க்கால் கரையில் இத்தனை வருஷத்தில் அவள் நடந்ததே இல்லை, அங்கே வாங்க எதுவும் கிடையாது. வலதுபக்கம் திரும்பினாள். இரண்டு கையும் காலியாக இருந்ததால் அவற்றை என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. கொஞ்ச தூரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அப்புறம் அதை விட்டாள், கைகள் தாமாகவே வீசத் தொடங்கின. மருத மர நிழலில் ஷூ போட்ட இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அவள் மணியடிக்காத சைக்கிள் மாதிரி அவர்களுக்கு ஓரமாகப் போய்த் தாண்டினாள். பின்னாலிருந்து ஒருவர், "யம்மா, எங்க இவ்வளவு வேகமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே, ஆவுடையம்மாள் நடந்தாள்.